காந்தள் கிழங்கை மலையடியிலேயே விட்டுவையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பின் படுவான்கரையில், முருகன் ஆலயம் உள்ள தாந்தாமலையின் பாறைச் சரிவை அண்டிய பற்றைகளில், ஐப்பசி மழை விழுந்ததும் முளைத்துக் கொடியோடும் கார்த்திகைப் பூவை, அதாவது சங்கப் புலவர்கள் குறிஞ்சி நிலத்துக்கு உரியதாகப் பாடி முருகனுக்குச் சூட்டிய காந்தளை, இப்போது தேடித்தான் காண வேண்டியுள்ளது. சிறுவயதில் நான் அங்கு கண்ட அளவில் கால்வாசிகூட இன்று இல்லை.

இலை நுனியே சுருண்டு பற்றுக்கம்பியாகிப் பக்கத்துச் செடியைப் பிடித்து ஏறும் கொடி இது. தலைகவிழ்ந்து விரியும் பூவின் ஆறு இதழ்களும் பின்னோக்கி வளைந்து, அடியில் மஞ்சளும் மேலே சிவப்புமாகத் தீச்சுடர்போல் நிமிர்ந்து நிற்கும். நாள் செல்லச் செல்ல முழுவதும் சிவந்துவிடும். பூவைப் பறிப்பதால் மட்டும் கொடி அழிவதில்லை. கிழங்கைத் தோண்டுவதுதான் அழிவு.

கடந்த மாரியில், வீட்டுச் சாடியில் நடுவதற்கென ஒருவர் மண்வெட்டியால் கொத்தியெடுத்த கிழங்கு என் கண்முன்னே இரண்டாக முறிந்தது. கலப்பைபோல் இரு கவராக வளரும் அக்கிழங்கில், கவர்களின் நுனியில் மட்டுமே முளைக்குருத்து இருக்கும். நுனி சிதைந்தால் அந்தத் துண்டு முளைக்காது. விதையிலிருந்து வளரும் செடியோ பூப்பதற்குச் சில ஆண்டுகள் எடுக்கும். அதோடு, செடி முழுவதிலும், குறிப்பாகக் கிழங்கிலும் விதையிலும், கொல்கிசின் என்னும் கொடிய நஞ்சு உண்டு. வற்றாளைக்கிழங்கு என்றெண்ணி இதை அவித்துத் தின்று உயிரிழந்தவர்கள் நம் நாட்டிலேயே இருக்கிறார்கள். பிள்ளைகள் விளையாடும் முற்றத்துக்கு இது உகந்ததே அல்ல.

இன்னொரு கேடு கோடையில் நிகழ்கிறது. மாரி முடிந்ததும் கொடி பட்டுப்போய், கிழங்கு மட்டும் மண்ணுக்குள் உறங்கிக் கிடப்பதால், வெறும் பற்றைதானே என்று பாதை அகலப்படுத்துவதற்கும் காணி துப்புரவாக்குவதற்கும் பெக்கோ இயந்திரத்தை இறக்கிவிடுகிறார்கள். அங்கே ஓர் உயிர் இருப்பதாக இயக்குபவருக்கு எப்படித் தெரியும்? அவரைக் குறைகூற மாட்டேன். அடையாளமிடாத நம்மைத்தான் குறைகூற வேண்டும்.

ஆகவே, பூக்கும் காலத்திலேயே கொடி நிற்கும் இடங்களில் கம்பு நட்டு வெள்ளை பூசி வைக்குமாறும், கோடையில் துப்புரவு வேலை நடக்கும்போது அக்கம்புகளைச் சுற்றி நான்கைந்து அடி நிலத்தைத் தொடாமல் விடுமாறும் ஆலய நிர்வாகத்தினரையும் பிரதேச சபையினரையும் வேண்டுகிறேன். செலவு ஒரு கட்டுக் கம்பும் ஒரு வாளிச் சுண்ணாம்பும்தான். வருகிற கார்த்திகையில் அவற்றை நடுவதற்கு நானும் வருவேன்.

வாசகர் ஒருவர்,
கொக்கட்டிச்சோலை.