பொதுச்சொத்தாகிவிட்ட நூல்களுக்கு உரிமை கொண்டாடலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அண்மையில் வாங்கிய பாரதியார் கவிதைகள் மலிவுப் பதிப்பு ஒன்றின் இரண்டாம் பக்கத்தில் ‘உரிமை: பதிப்பகத்தாருக்கு’ என்றும், எழுத்துப்பூர்வமான அனுமதியின்றி நூலின் எந்தப் பகுதியையும் மறுபதிப்புச் செய்யக்கூடாது என்றும் அச்சிட்டிருக்கிறார்கள். அந்த நூலில் பதிப்பாசிரியர் பெயர் இல்லை. முன்னுரை இல்லை, அடிக்குறிப்பு இல்லை, அருஞ்சொற்பொருள் இல்லை. பாரதியின் பாடல்கள் மட்டுமே இருக்கின்றன. அப்படியானால் எதன்மீது இவர்கள் உரிமை கோருகிறார்கள்?

அந்தப் பாடல்கள், யாரும் அனுமதியின்றி அச்சிடக்கூடிய பொதுச்சொத்தான வரலாறு தமிழர்கள் பெருமைப்பட வேண்டியது. தம் நூல்கள் மண்ணெண்ணெய், தீப்பெட்டியைவிடச் சாதாரணமாக வீடுதோறும் பரவும் என்ற நம்பிக்கையோடு, அவற்றை அச்சிடக் கடன் கேட்டு 1920இல் சுற்றறிக்கை விடுத்தவர் பாரதி. பணம் திரளவில்லை, அடுத்த ஆண்டே அவர் மறைந்தார். பின்னாளில் அவருடைய பாடல்களை ஒலிபரப்பவும் இசைத்தட்டில் பதியவும் உள்ள உரிமை படத் தயாரிப்பாளர் ஏவி. மெய்யப்ப செட்டியாரிடம் போய்ச் சேர்ந்தது. நாடகக் கலைஞர்களான டி.கே.எஸ். சகோதரர்களின் படத்தில் பாரதி பாடல் இடம்பெற்றபோது உரிமைப் பிரச்சினை வெடித்தது. மக்கள் கவியின் பாட்டு தனியொருவர் கையில் இருக்கலாமா என்று எழுத்தாளர்கள் குரல் எழுப்பினார்கள். 1949இல் ஓமந்தூரார் தலைமையிலான சென்னை மாகாண அரசு பாரதி படைப்புகளை நாட்டுடைமையாக்க முன்வந்தபோது, விலை கொடுத்து வாங்கிய அந்த உரிமையை மெய்யப்ப செட்டியார் பணம் ஏதும் பெறாமல் ஒப்படைத்தார். வியாபாரியான அவரே விட்டுக்கொடுத்ததை, ஒரு காசும் கொடுக்காமல் எடுத்து அச்சிடுபவர்கள் தமதென்று சொல்லிக்கொள்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

பொதுச்சொத்தான நூலை விலைக்கு விற்பதில் தவறில்லை. தாளுக்கும் அச்சுக்கும் பைண்டிங்குக்கும் செலவு உண்டு, லாபமும் வரட்டும். பாரதி எழுத்துகளைக் காலவரிசைப்படுத்தித் தந்த சீனி. விசுவநாதனைப் போன்றவர்களின் ஆய்வுக் குறிப்புகளுக்கும் முன்னுரைகளுக்கும் உரிமை கோருவதும் முழுக்க நியாயம். அது அவர்களின் வாழ்நாள் உழைப்பு. ஆனால் மூலப்பாடலுக்கே வேலி போட்டால், பள்ளி ஆண்டுமலரில் பாரதி பாட்டைச் சேர்க்க நினைக்கும் ஆசிரியரும், சிறு நூலாக வெளியிட நினைக்கும் வாசகர் வட்டமும் அந்த எச்சரிக்கையை நம்பிப் பின்வாங்கிவிடுவார்கள்.

மதுரைத் திட்டத்துக்கும் இதே அநியாயம் நேர்கிறது. 1998 முதல் அத்திட்டத்தின் தன்னார்வலர்கள் ஊதியமின்றித் தட்டச்சு செய்து, மெய்ப்புப் பார்த்து, பழந்தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றிவருகிறார்கள். முகப்புப் பக்கத்தை நீக்காமல் யார் வேண்டுமானாலும் பகிரலாம் என்பதுதான் அவர்கள் கேட்கும் ஒரே நிபந்தனை. தட்டச்சு செய்தவர், மெய்ப்புப் பார்த்தவர் பெயர்கள் இருக்கும் அந்தப் பக்கத்தை மட்டும் கத்தரித்துவிட்டு மின்னூலாக விற்பவர்கள் இருக்கிறார்கள். சீவக சிந்தாமணியை 1887இல் பதிப்பித்த உ.வே.சா., தமக்கு ஏடு தந்தவர்களின் பெயர்களையெல்லாம் நன்றியோடு குறிப்பிட்டவர். அந்த மரபில் வந்த நமக்கு ஒரு பெயரை விட்டுவைக்கக்கூட மனம் வராதா?

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். நேற்று வெளியான நாவலை ஸ்கேன் செய்து வாட்ஸப் குழுக்களில் அனுப்புகிறவர்கள், அறிவைப் பரப்புவதாகவும் தமிழுக்குத் தொண்டு செய்வதாகவும் உண்மையிலேயே நம்புகிறார்கள். தன்னுடையதைக் கொடுப்பதற்குத்தான் கொடை என்று பெயர். அடுத்தவர் பொருளை எடுத்துக் கொடுப்பது எப்படிக் கொடையாகும்? சில நூறு பிரதிகள் விற்றாலே பெரிது என்ற நிலையில், விலையில் பத்து விழுக்காடு ராயல்டி கிடைக்குமா என்று காத்திருக்கும் எழுத்தாளருக்கு அந்த பிடிஎஃப் பெரிய அடி. இந்தியச் சட்டம் ஆசிரியரின் வாழ்நாளுக்கும் அதன்பின் 60 ஆண்டுகளுக்கும் பாதுகாப்புத் தருகிறது. அந்தக் காலம் நீளம் என்பது என் கருத்து. ஆனாலும் உயிரோடிருப்பவரின் உழைப்பை அவரைக் கேட்காமல் வாரி வழங்க அது காரணமாகாது.

தமிழக அரசு, வாரிசுகளுக்குப் பரிவுத்தொகை வழங்கி ஏராளமான எழுத்தாளர்களின் நூல்களை நாட்டுடைமையாக்கியிருக்கிறது. அந்நூல்களை வெளியிடும் எவரும் ‘நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்’ என்று உரிமைப் பக்கத்தில் அச்சிடுவதை அரசு கட்டாயமாக்க வேண்டும். நூலக ஆணைக்கு, அதாவது பொது நூலகங்களுக்காக அரசு வாங்குவதற்கு, நூல்களைத் தேர்வு செய்யும்போதே இதைச் சரிபார்த்துவிடலாம். தங்கள் இதழின் நூல் அறிமுகப் பகுதியிலும், பக்கம், விலையோடு சேர்த்து, மூலநூல் பொதுச்சொத்தா, பதிப்பாசிரியர் யார் என்ற இரண்டு விவரங்களையும் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
கும்பகோணம்