நீ அனுப்பிய பிரதியைப் படித்தேன்

அன்புள்ள நண்பா,

கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. டாக்டர் படிக்கலாம் என்று சொன்ன அன்றே உன் படப்பிடிப்பு நினைவுகளின் பிரதியை எடுத்தேன், இரண்டு நாளில் முடித்துவிட்டேன். நடை நன்றாக ஓடுகிறது. உனக்கு அது எப்போதும் வரும்.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. நீ எழுதியிருக்கும் அந்த நடிகர் குடித்துவிட்டு வந்தது, மேக்கப் அறைக் கதவைத் திறக்காமல் அடம்பிடித்தது, எல்லாம் உண்மை. ஆனால் ஒவ்வொரு தடவையும் படப்பிடிப்பைக் காப்பாற்றியது நீ ஒருத்தன்தானா?

எடிட்டிங்கில் உட்கார்ந்திருந்தவன் நான் என்பதை மறந்துவிட்டாய். ஆக்‌ஷன் சொல்வதற்கு முன்னால் வெட்டாத ரஷ் படச்சுருளில் கேட்கும் குரல் உன்னுடையது: "மனப்பாடமெல்லாம் வேண்டாம் சார், நான் எடுத்துக் கொடுக்கிறேன்." முதலில் நீள வசனத்துக்கு மட்டும். அப்புறம் "வாங்க, உட்காருங்க" என்பதற்குக்கூட அவர் கண் கேமராவுக்குப் பக்கத்தில் உன்னைத் தேடும். அந்தப் பார்வையை வெட்டி வெட்டியே எனக்கு ஒரு வருஷம் போனது. அதைப் பற்றி நீ ஒரு வரி எழுதவில்லை.

பிரிட்டனில் டோனி ஹான்காக் என்று ஒரு நகைச்சுவை நடிகர் இருந்தாரே. 1961இல் கார் விபத்தில் அடிபட்டதால், ரத்ததானம் கொடுக்கப் போகிறவராக நடித்த டிவி பகுதிக்கு அவரால் வசனத்தை மனப்பாடம் செய்ய முடியவில்லை. எழுதிக் காட்டி நடிக்க வைத்தார்கள். அவர் பெயரைச் சொன்னதும் பலருக்கு நினைவு வருவது அதுதான். இன்று பார்த்தாலும், எதிரில் இருப்பவரை விட்டு அவர் கண் நழுவுவது தெரியும். அன்றைக்கு வேலை முடிந்தது, சரி. ஆனால் அதற்குப் பிறகும் அவர் அந்த வசதியையே நம்பிக்கொண்டிருந்தார். 1968இல் சிட்னியில் தற்கொலை செய்துகொண்டபோது வயது 44. அதற்குக் காரணம் குடியும் இன்னும் பலதும். எழுதிக் காட்டியவர்கள் மேல் பழி போட வரவில்லை. உன் மேலும் இல்லை.

ஏழாம் அத்தியாயத்தில் "எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்" என்கிறாய். எப்போதடா சொன்னாய்? கடைசி நாள் சாயங்காலம் பின்வாசலில் நாம் இரண்டு பேரும் நின்றிருந்தோம். "நாளைக்கு எத்தனை மணிக்கு?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். நாளையிலிருந்து வேறு நடிகர் என்பது நமக்குத் தெரியும். நீ "ஏழு மணி சார்" என்றாய். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதை எழுது. என் பெயரையும் போட்டுக்கொள்.

மூட்டு வலி எப்படி இருக்கிறது? பிரதியின் ஓரத்தில் பென்சிலால் நிறையக் கிறுக்கியிருக்கிறேன். தபாலில் அனுப்ப மாட்டேன், நேரில் கொண்டுவருகிறேன்.

உன் பழைய அறைத்தோழன்