மப்ளரை உள்ளே சொருகிக்கொள், ஆத்தா

அன்புள்ள மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். மாப்பிள்ளையும் பேத்தியும் சுகமா?

நீ டிராக்டரில் பனி தள்ளும் வீடியோவைப் பத்துத் தடவை பார்த்துவிட்டோம். "மார்கழிப் பனிக்கே இவளுக்கு மூக்கு ஒழுகுமே" என்று உன் அம்மா ஒரே புலம்பல். நான் பார்த்தது உன் மப்ளரை. வண்டியை அணைக்காமல் இறங்கி, பின்னால் போய், அங்கே மாட்டியிருக்கிற பனி தூற்றும் எந்திரத்தின் குழாயைக் குனிந்து பார்க்கிறாய். மப்ளர் நுனி தொங்கி ஆடுகிறது. அதற்கு ஒரு முழம் தள்ளி, டிராக்டர் என்ஜினிலிருந்து அந்த எந்திரத்தை ஓட்டுகிற தண்டு, பிடிஓ ஷாஃப்ட், சுற்றிக்கொண்டிருக்கிறது.

நம் மண் கிளறும் ரோட்டவேட்டருக்கும் உன் எந்திரத்துக்கும் அதே 540 சுற்றுதான். நிமிசத்துக்கு 540 என்றால் விநாடிக்கு 9. நீ "ஐயோ" என்று சொல்லி முடிப்பதற்குள் மப்ளர் முழுக்கச் சுற்றியிருக்கும். இதுவரை உன்னிடம் சொல்லாத ஒன்று சொல்கிறேன். நீ பத்தாவது படிக்கும்போது உப்பூர்ப் பக்கம் உழவுக்குப் போயிருந்தேன். இடுப்பில் கட்டியிருந்த சாரத்தின் நுனி ஷாஃப்டில் மாட்டிக்கொண்டது. பழைய சாரம், நைந்த துணி, கிழிந்து இடுப்பிலிருந்து உருவிக்கொண்டு போனது. புதுசாக இருந்திருந்தால் காலையும் சேர்த்து இழுத்திருக்கும். டவுசரோடு வீட்டுக்கு வந்து, வாய்க்காலில் விழுந்துவிட்டேன் என்று உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் இன்னும் அதைத்தான் நம்புகிறாள். போனில் உளறிவிடாதே.

ஈரப் பனி களிமண் மாதிரிக் குழாயை அடைக்கிறது என்றாய். அடைத்தால் பிடிஓவை விடுவி, என்ஜினை அணை, சாவியைச் சட்டைப் பையில் போடு. உள்ளே பனியை வாருகிற திருகுத் தண்டும் அதைத் தூற்றுகிற விசிறியும் முழுசாக நிற்கட்டும். அப்புறமும் கையை விடாதே, கம்பு வைத்துக் குத்து.

ஷியர் போல்ட் அடிக்கடி உடைகிறது, கெட்டியான போல்டாகப் போடப்போகிறேன் என்று மாப்பிள்ளை சொன்னாராமே. வேண்டாம் என்று சொல். அது உடைவதற்கென்றே வைத்தது. அந்தப் புத்திசாலித்தனத்தை நானும் ஒரு தடவை செய்தேன். சீமைக்கருவேல வேரில் மாட்டியபோது போல்ட் பத்திரமாக இருந்தது, கியர்பாக்ஸ் போய்விட்டது. அதே போல்டில் ஒரு டசன் வாங்கி வண்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். உங்களுடையது சரளைப் பாதை வேறு. எந்திரத்தின் அடியில் இருக்கிற சறுக்குக் கட்டைகளைக் கொஞ்சம் இறக்கி வைத்தால் வாய் தரையைத் தொடாது, கல்லை வாரி இறைக்காது.

காற்றைப் பார்த்துக் குழாயைத் திருப்பு. களத்தில் பொலி தூற்றியதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இதை நான் சொல்ல வேண்டுமா? வீடியோவில் உன் முகமெல்லாம் பனி!

தள்ளித் தள்ளி, மறுநாள் காற்று திரும்பவும் பாதையில் கொண்டுவந்து கொட்டுகிறது என்றாயே, அரிச்சல்முனை ரோட்டில் கச்சான் காற்று மணலை ஏற்றுகிற கதைதான். கடற்கரைத் தோப்புகளில் ஓலைவேலி கட்டுவதைப் பார்த்திருக்கிறாய். இடைவெளி விட்டுக் கட்டினால் காற்று உள்ளே நுழைந்து, வேகம் குறைந்து, கொண்டுவந்த மணலை வேலிக்குப் பின்னால் போட்டுவிடும். நெருக்கிக் கட்டினால் அவ்வளவு பிடிக்காது. பனிக்கும் அதுவே. ஆனால் வேலியைப் பாதையை ஒட்டிப் போட்டால் குவியல் பாதையிலேயே விழும். காற்று வருகிற பக்கமாக நன்றாகத் தள்ளிப் போடு.

இங்கே நெல் கதிர் வாங்கிவிட்டது. வாடை சில்லென்று இருக்கிறது. உன் அம்மா குல்லாயைக் கழற்றவே இல்லை.

உன் வண்டியில் ஷாஃப்டுக்கு மேல் பிளாஸ்டிக் உறை இருக்கிறதா என்று வீடியோவில் தெரியவில்லை. வண்டியை அணைத்துவிட்டு அதை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பு. நம் வண்டியில் அது உடைந்து ஆறு வருசம் ஆகிறது. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதுதான் ஞாபகம் வந்தது. நாளைக்கு ராமநாதபுரம் போய் வாங்கி மாட்டிவிட்டு நானும் போட்டோ அனுப்புகிறேன்.

அன்புடன்,
அப்பா