ஞாயிறு தஞ்சாவூர்ப் பயணம்

நண்பர்களே, காலையில் பெரிய கோயில். மதியம் நடை சாத்திவிடுவார்கள், வெயிலும் கொளுத்தும். அந்த நேரத்துக்கு அரண்மனைக் கலைக்கூடம்தான் சரி.

அங்கே திருவெண்காட்டு ரிஷபவாகனர் (காளையை வாகனமாகக் கொண்ட சிவன்) முன்னால் அவசரப்படாமல் நில்லுங்கள். 1011-இல் செய்த செப்புத் திருமேனி. சடையையே தலைப்பாகையாகச் சுற்றிக்கொண்டு, காலை மாற்றிப்போட்டு ஒயிலாக நிற்பார். கை ஊன்றியிருந்த காளைதான் இல்லை. ஆனாலும் அது அங்கே நிற்பது போலவே இருக்கும்! சுற்றிவந்து முதுகுப்பக்கமும் பாருங்கள், பலர் அதை விட்டுவிடுகிறார்கள்.

அப்புறம் சரசுவதி மகால் நூலகக் காட்சிக்கூடம்: ஓலைச்சுவடிகள், மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி சேர்த்த நூல்கள். தர்பார் மண்டபத்துக்குப் பத்து நிமிடம் போதும்.

வேனில் இடம் குறைவு. வருகிறவர்கள் இன்று இரவுக்குள் இங்கேயே பெயர் போட்டுவிடுங்கள். தண்ணீர் பாட்டில் அவரவர் பொறுப்பு.