மாலை மூன்று மணி நேரத்துக்காக ஒரு நன்கொடை வேண்டுகோள்

பெற்றோர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் நம் பகுதியில் வாழும் எல்லாருக்கும் பள்ளிகள் - நூலகக் கூட்டுக் குழுவின் வணக்கம்.

பள்ளி மணி அடித்ததிலிருந்து, நகரத்துக்கு வேலைக்குப் போன அப்பாவோ அம்மாவோ வீடு திரும்பும் வரை எவ்வளவு நேரம் ஆகிறது என்று ஒரு நாள் கணக்குப் போட்டுப் பாருங்கள். புறநகரில் குடியிருக்கிறவர்களுக்கு இது மனப்பாடமான கணக்குதான். பல வீடுகளில் மூன்று மணி நேரம். ரயிலோ பஸ்ஸோ தாமதமானால் அதற்கும் மேல். அந்த நேரத்தில் சில பிள்ளைகள் தாத்தா பாட்டியிடம் இருக்கிறார்கள், சிலர் டியூஷனில், சிலர் பக்கத்து வீட்டில். மிச்சப் பேர் பூட்டிய வீட்டுக்குள் தனியாக இருக்கிறார்கள். நாம் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழகியவர்கள். எந்தப் பிள்ளை யார் வீட்டுப் பிள்ளை, எந்த வகுப்பு என்பதுவரை நமக்குத் தெரியும். ஆனாலும் அந்த மூன்று மணி நேரத்துக்கு நம்மிடம் பொதுவான ஏற்பாடு எதுவும் இல்லை.

ஏற்பாடு செய்வதற்கான இடம் மட்டும் ஏற்கெனவே இருக்கிறது. மூன்று பள்ளிகளிலிருந்தும் நடந்தே வந்துவிடக்கூடிய தூரத்தில் நம் நூலகம் நிற்கிறது. கட்டடம் நன்றாக இருக்கிறது, மேசை நாற்காலி இருக்கிறது, புத்தகம் இருக்கிறது. ஆனால் பள்ளி விட்டு அரை மணி நேரத்தில் கதவைச் சாத்திவிடுகிறோம். இருப்பது ஒரே ஒரு நூலகர், அவரும் பகுதி நேரம்தான். அவர் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. சம்பளம் இல்லாத நேரத்திலும் எத்தனையோ நாள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டவர் அவர். ஒருவருடைய நல்ல மனசை நம்பி ஒரு நூலகத்தை நடத்தக் கூடாது என்று குழுவில் எல்லாரும் ஒரே குரலில் சொன்னோம்.

போன தேர்வுக் காலத்தில் எங்கள் குழு உறுப்பினர் ஒருவர் இரவு அந்த வழியாக வந்திருக்கிறார். நூலகம் பூட்டியிருக்கிறது. வாசல் விளக்கு மட்டும் எரிகிறது. அந்த வெளிச்சம் விழுகிற மூன்றாவது படியில் ஒரு பெண் உட்கார்ந்து, அறிவியல் புத்தகத்தை மடியில் விரித்து, பென்சிலால் கோடு போட்டுப் படித்துக்கொண்டிருக்கிறாள். ஏன் இங்கே என்று கேட்டதற்கு, “வீட்டில் தம்பி தூங்குகிறான், விளக்கைப் போட்டால் எழுந்துவிடுவான்” என்றாளாம். குழுக் கூட்டத்தில் அவர் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. இந்த வேண்டுகோளை எழுதுவது என்று முடிவானது அன்றைக்குத்தான்.

சரி, எதற்காகக் கேட்கிறோம்? முதலாவதும் பெரியதும் நேரம். பள்ளி நாள்களில் மாலை மூன்று மணி நேரம் நூலகம் கூடுதலாகத் திறந்திருக்க வேண்டும். அதற்கு நூலகருக்கு முழுநேரச் சம்பளம் வேண்டும், கூடவே ஓர் உதவியாளர் வேண்டும். வசூலாகும் பணத்தில் பெரும்பங்கு இதற்கே போகும். இதை ஒளிக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஏனென்றால் நன்கொடை கொடுப்பவர்களுக்குக் கண்ணால் பார்க்கிற மாதிரி ஏதாவது வேண்டும், புது அலமாரி, புதுப் பெயர்ப்பலகை என்று. சம்பளம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கதவைத் திறந்துவைப்பது சம்பளம்தான்.

கணித ஆசிரியராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரான எஸ். ஆர். ரங்கநாதன், 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகளை எழுதினார். முதல் விதி, புத்தகங்கள் பயன்படுத்துவதற்கே. கேட்டால், இதில் சொல்ல என்ன இருக்கிறது என்று தோன்றும். ஆனால் ஒரு காலத்தில் ஐரோப்பிய நூலகங்களில் புத்தகங்களை அலமாரியோடு சங்கிலி போட்டுப் பூட்டிவைத்திருந்தார்கள். இங்கிலாந்தின் ஹியர்ஃபோர்டு தேவாலயத்தில் அந்தச் சங்கிலிகளை இன்றைக்கும் பார்க்கலாம். ரங்கநாதன் அந்த முதல் விதியை விளக்கும்போது நூலகம் எந்த இடத்தில் இருக்கிறது, எத்தனை மணிக்குத் திறக்கிறது, நாற்காலி எப்படி இருக்கிறது, உள்ளே இருக்கிறவர் எப்படிப் பழகுகிறார் என்பதையெல்லாம் சேர்த்தே பேசுகிறார். பிள்ளைகள் வரக்கூடிய நேரத்தில் பூட்டியிருக்கிற நூலகத்தில் சங்கிலி இல்லை என்று நாம் சொல்லிக்கொள்ள முடியாது.

விடுமுறையும் இதில் சேரும். அமெரிக்காவின் அட்லாண்டா நகரத்துப் பள்ளி மாணவர்களை ஆராய்ந்து சமூகவியலாளர் பார்பரா ஹெய்ன்ஸ் 1978இல் ஒரு நூல் வெளியிட்டார். வசதியுள்ள பிள்ளைகளுக்கும் வசதியில்லாத பிள்ளைகளுக்கும் இடையிலான படிப்பு இடைவெளி, பள்ளி நடக்கும் மாதங்களைவிடக் கோடை விடுமுறையில்தான் அதிகமாக விரிகிறது என்று அவர் கண்டார். விடுமுறையில் எத்தனை புத்தகம் வாசித்தார்கள், நூலகத்துக்குப் போனார்களா என்பதற்கும் அவர்களுடைய முன்னேற்றத்துக்கும் தொடர்பு இருந்தது. நம் பள்ளி ஆசிரியர்களும் இதையே வேறு வார்த்தையில் சொல்கிறார்கள்: விடுமுறை முடிந்து வரும் முதல் மாதம் பழைய பாடத்தை மீண்டும் நடத்துவதிலேயே போய்விடுகிறதாம். அதனால் விடுமுறை நாள்களில் காலையிலேயே நூலகத்தைத் திறக்க வேண்டும் என்று நினைக்கிறோம்.

அடுத்தது பைண்டிங். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விடுங்கள்.

சிறுவர் பகுதியில் கோள்களைப் பற்றிய படப் புத்தகம் ஒன்று இருக்கிறது. பின்னட்டையின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் தேதித் தாளை எடுத்துப் பாருங்கள். முத்திரைக்கு மேல் முத்திரை விழுந்து எந்தத் தேதியும் படிக்க முடியாது. முதுகில் ஒட்டிய காகிதம் கிழிந்து உள்ளே இருக்கும் தையல் நூல் தெரிகிறது. மூலைகள் பஞ்சு மாதிரி ஆகிவிட்டன. தையல் விட்டுப்போனால் ஒரு தாள் மட்டும் உதிர்வதில்லை. ஒரு பாரம், அதாவது 16 பக்கம், அப்படியே கழன்றுவிடும். இந்தப் புத்தகத்தில் கழன்று காணாமல் போனது கடைசிப் பாரம். இப்போது அதில் சூரியக் குடும்பம் வியாழனோடு முடிந்துவிடுகிறது. ஒரு சின்னப் பையன் அதை நூலகரிடம் கொண்டுபோய், “இதுக்கு அப்புறம் எதுவுமே இல்லையா?” என்று கேட்டிருக்கிறான்.

பிள்ளைகள் அதிகம் விரும்பும் புத்தகம்தான் முதலில் பிய்கிறது. யாரும் தொடாத புத்தகம் பத்து வருடம் ஆனாலும் புதிதாகவே இருக்கும். பழுதாவதற்கு முன்பே எடுத்து நல்ல தையல் போட்டு, காலிகோ என்ற பைண்டிங் துணியை ஒட்டி, கெட்டி அட்டை வைத்துக் கட்டிவிட்டால் அந்தப் புத்தகம் இன்னும் பல வருடம் கை மாறும். கீழ்த்தட்டுகளில் ராமபாணப் பூச்சி வேறு. ஈரம் தங்குகிற சுவரை ஒட்டிய அலமாரிகளை நகர்த்தி வைக்க வேண்டும், ஜன்னலில் நேரடி வெயில் விழாதபடி திரை போட வேண்டும். இவை சின்ன வேலைகள்.

அப்புறம் புத்தகப் பெட்டி. மூன்று பள்ளிகளிலும் நூலகம் என்று பெயரில் இருப்பது ஓர் அலமாரிதான், அதுவும் சில சமயம் தலைமையாசிரியர் அறையில் பூட்டியிருக்கும். ஒவ்வொரு பள்ளியும் தனித்தனியாக அதே புத்தகங்களை வாங்குவதற்குப் பதில், நூலகத்திலிருந்து வகுப்புக்கு ஒரு பெட்டி என்று அனுப்பி, மாதத்துக்கு ஒருமுறை பள்ளி மாற்றி வைக்கலாம். ஒரு பள்ளியில் யாரும் எடுக்காத புத்தகத்துக்கு அடுத்த பள்ளியில் ஒரு வாசகர் காத்திருக்கக்கூடும். இது புது யோசனையும் இல்லை. 1931இல் மன்னார்குடி பக்கம் மேலவாசலில் மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். நமக்கு மாடும் வேண்டாம் வண்டியும் வேண்டாம், மூடி போட்ட நல்ல பெட்டிகளும் தூக்கிப் போக இரண்டு பேரும் போதும்.

இந்தத் திட்டத்தைப் பற்றிப் பேசப் போன இடத்தில் சில கேள்விகள் திரும்பத் திரும்ப வந்தன. அரசாங்கம் செய்ய வேண்டியதை நாம் ஏன் செய்ய வேண்டும் என்று பலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. மனு கொடுத்திருக்கிறோம், இனியும் கொடுப்போம், விட மாட்டோம். ஆனால் பதில் வருவதற்குள் இன்றைக்கு ஐந்தாம் வகுப்பில் இருக்கும் பிள்ளை எட்டாம் வகுப்புக்குப் போய்விடும். அந்த மூன்று வருடத்தை அந்தப் பிள்ளைக்கு யாராலும் திருப்பித் தர முடியாது.

கையில் போன் இருக்கும்போது நூலகம் எதற்கு என்றும் கேட்டார்கள். போன் இருக்கிற பிள்ளைக்கும் உட்கார்ந்து படிக்க ஒரு மேசை வேண்டும், சந்தேகம் கேட்க ஒரு பெரியவர் வேண்டும், சுற்றிலும் நாலு பேர் படித்துக்கொண்டிருக்க வேண்டும். வீட்டில் ஒரே அறை இருக்கிற குடும்பத்துப் பிள்ளைக்கு அந்த மேசை எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்த மூன்றாவது படியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

பணத்துக்குப் பதில் பழைய புத்தகம் தரலாமா என்பது மூன்றாவது கேள்வி. உங்கள் அன்பு புரிகிறது. ஆனால் வேண்டாம் என்றே சொல்கிறோம். முன்பு ஒருமுறை அப்படிக் கேட்டு வாங்கியதில் பாடத்திட்டம் மாறிப்போன பாடப்புத்தகங்கள், பக்கம் நிரப்பிய பயிற்சிப் புத்தகங்கள், பழைய வழிகாட்டிகள்தான் மூட்டை மூட்டையாக வந்தன. அவற்றைப் பிரித்து அடுக்கவே வாரக்கணக்கில் ஆனது. எந்தப் புத்தகம் வாங்குவது என்பதைப் பிள்ளைகளே நூலகத்தில் வைத்திருக்கும் நோட்டில் எழுதட்டும், ஆசிரியர்களும் நூலகரும் பார்த்துத் தேர்ந்தெடுக்கட்டும். புத்தகமாகத்தான் தருவேன் என்றால் அந்த நோட்டைப் பார்த்து ஒன்றைப் புதிதாக வாங்கித் தாருங்கள், மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்கிறோம்.

சந்தா வைக்கலாமே என்ற யோசனையும் வந்தது. அதை ஏற்கவில்லை. பொது நூலகச் சேவை அடிப்படையில் கட்டணமில்லாமல் இருக்க வேண்டும் என்பதே யுனெஸ்கோவின் பொது நூலக அறிக்கையும் சொல்வது. சந்தா எவ்வளவு சிறியதாக இருந்தாலும் அதைக் கேட்டதும் வராமல் நின்றுவிடுகிற பிள்ளைகளுக்காகத்தான் இவ்வளவும் செய்கிறோம்.

எவ்வளவு கொடுப்பது? தொகையை நாங்கள் சொல்லப் போவதில்லை. ஒன்று மட்டும் கேட்கிறோம்: முடிந்தால் மாதாமாதம் கொடுங்கள். ஆண்ட்ரூ கார்னகி என்ற தொழிலதிபரின் பணத்தில் 1883 முதல் 1929 வரை உலகின் பல நாடுகளில் 2,500க்கும் அதிகமான நூலகங்கள் கட்டப்பட்டன. அவ்வளவு பணம் இருந்தும் அவர் கட்டடத்துக்குத்தான் கொடுத்தார். இடத்தை ஊர் தர வேண்டும், கொடுத்த தொகையில் பத்தில் ஒரு பங்கை வருடாவருடம் நூலகத்தை நடத்த ஊரே ஒதுக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தார். கட்டுவது ஒருமுறை, நடத்துவது தினமும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஒரே நாளில் பெரிய தொகை வந்தால் ஓர் ஆளை வேலைக்கு வைத்து, அது தீர்ந்ததும் போகச் சொல்ல வேண்டியிருக்கும். நூறு வீடுகளிலிருந்து மாதம் ஒரு சிறு தொகை நிச்சயமாக வரும் என்றால் அவரை நம்பிக்கையோடு இருக்கச் சொல்லலாம். வீட்டில் விசேஷம் வரும்போது சேர்த்துக் கொடுக்கிறவர்கள் கொடுக்கலாம். அந்தத் தொகை பைண்டிங்குக்கும் பெட்டிகளுக்கும் போகும்.

பணம் பற்றிய விவரங்களையும் சொல்லிவிடுகிறோம். நூலக மேசையில் ரசீதுப் புத்தகம் இருக்கிறது. கொடுக்கும் ஒவ்வொரு தொகைக்கும் அங்கேயே ரசீது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வங்கிக் கணக்கு குழுவின் பெயரில் இருக்கிறது, தலைவரும் பொருளாளரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் பணம் எடுக்க முடியும். மாதம் முடிந்ததும் வரவு செலவு நூலக அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். குழுவில் இல்லாத இரண்டு பேர் வருடத்துக்கு ஒருமுறை கணக்கைச் சரிபார்ப்பார்கள். அந்த இருவரைப் பொதுக்கூட்டத்தில் நீங்களே தேர்ந்தெடுக்கலாம். குழு உறுப்பினர் யாருக்கும் இதிலிருந்து படியோ செலவுத் தொகையோ கிடையாது.

தயவுசெய்து பிள்ளைகள் கையில் பணம் கொடுத்துப் பள்ளிக்கு அனுப்பாதீர்கள். வகுப்பில் யார் கொடுத்தார்கள், யார் கொடுக்கவில்லை என்ற பேச்சு எந்தப் பிள்ளையின் காதிலும் விழக் கூடாது. அதே காரணத்தால் கொடுத்தவர்களின் பெயர்ப் பட்டியலையும் தொகையையும் எங்கும் ஒட்ட மாட்டோம். கொடுக்காத வீட்டுப் பிள்ளைக்கும் அதே நாற்காலி, அதே புத்தகம்.

இந்த மாதம் பணம் கொடுக்க முடியாத நிலையில் இருப்பவர்கள் சங்கடப்பட வேண்டாம். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை நூலகத்தில் புத்தகம் தைக்கிறோம். பைண்டிங் தெரிந்த பெரியவர் ஒருவர் சொல்லித்தர ஒப்புக்கொண்டிருக்கிறார். ஊசி, நூல், பசை, காலிகோ எல்லாம் அங்கேயே இருக்கும். பழகிய கையாக இருக்க வேண்டும் என்று இல்லை, பொறுமை இருந்தால் போதும். முதலில் எடுக்கப்போவது அந்தக் கோள்கள் புத்தகம். அதே பதிப்பின் இன்னொரு பிரதி யார் வீட்டிலாவது இருந்தால் ஒரு நாள் இரவல் தாருங்கள், வியாழனுக்கு அப்புறம் வரும் 16 பக்கங்களைப் படி எடுத்துச் சேர்த்துத் தைத்துவிடுகிறோம்.

அன்புடன்,
பள்ளிகள் - நூலகக் கூட்டுக் குழு