எண்ணவிடாமல் நிறுத்தியது யார்?

ஆசிரியருக்கு,

ஜார்ஜ் புஷ்ஷும் அல் கோரும் மோதிய 2000 அமெரிக்க அதிபர் தேர்தல் பற்றிய தங்கள் கட்டுரையில், ‘கோர் தோற்றார், வழக்குப் போட்டார், மறுபடியும் தோற்றார்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அவ்வளவு லேசான விஷயமா அது?

முடிவைத் தீர்மானித்த புளோரிடா மாநிலத்தில் பதிவானவை ஏறக்குறைய 60 லட்சம் வாக்குகள். புஷ் முன்னிலை வெறும் 537. அப்போது அங்கே பல மாவட்டங்களில் அட்டையில் துளையிட்டு வாக்களிக்கும் முறை இருந்தது. துளை சரியாக விழாமல், காகிதத் துணுக்கு ஒரு மூலையில் தொங்கிக்கொண்டிருந்தால் இயந்திரம் அதை வாக்காகவே எடுத்துக்கொள்ளாமல் போகலாம். அதிகாரிகள் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு ஒவ்வோர் அட்டையாக உற்றுப் பார்த்த படங்கள் இன்னும் என் கண்ணில் நிற்கின்றன.

டிசம்பர் 8 அன்று மாநில உச்ச நீதிமன்றம், இயந்திரம் கணக்கில் எடுக்காத அட்டைகளைக் கையால் எண்ணச் சொன்னது. மறுநாளே அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5–4 என்ற கணக்கில் அதற்குத் தடை விதித்தது. 12ஆம் தேதி இரவு வந்த தீர்ப்பு, எதை வாக்காக ஏற்பது என்ற அளவுகோல் மாவட்டத்துக்கு மாவட்டம் மாறுகிறது என்றது. அதில் நியாயம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால், சீராக எண்ண இனி நேரமில்லை என்றும் அதே தீர்ப்பு சொன்னது. மூன்று நாள் எண்ணிக்கையை நிறுத்திவைத்தது அவர்கள்தானே! போதாக்குறைக்கு, இந்தத் தீர்ப்பு இந்த வழக்கின் சூழலுக்கு மட்டுமே என்று ஒரு குறிப்பு வேறு.

கட்டுரையாளர் அடுத்த முறை இதையும் இரண்டு வரி எழுதட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கும்பகோணம்