ஆய்வு மாணவருக்கு இலக்கணப் பாடம் மட்டும் போதாது

ஆசிரியருக்கு,

முதுகலை, முனைவர் பட்ட மாணவர்களுக்கு ஆங்கில எழுத்துப் பயிற்சி என்றதும், பல இடங்களில் பள்ளி இலக்கணத்தையே மறுபடி எடுக்கிறார்கள். இலக்கணம் வேண்டாம் என்பதல்ல. பிழையே இல்லாத ஆங்கிலத்தில் எழுதிய ஆய்வுக் கட்டுரையும் ஆய்விதழிலிருந்து திரும்பி வருகிறதே, அதற்கு என்ன செய்வது?

முன்னுரையை எடுத்துக்கொள்வோம். இந்தத் துறை ஏன் முக்கியம், இதுவரை என்ன செய்திருக்கிறார்கள், எங்கே இடைவெளி, அதை இந்த ஆய்வு எப்படி நிரப்புகிறது என்ற போக்கை மொழியியலாளர் ஜான் ஸ்வேல்ஸ் 1990-லேயே தெளிவாக விளக்கிவிட்டார். மாணவரின் துறையைச் சேர்ந்த நல்ல கட்டுரை ஒன்றைப் பத்தி பத்தியாகப் பிரித்துக் காட்டினால் இது சட்டென்று புரிந்துவிடும். காட்டாததால், அவர் எழுதும் முன்னுரை முந்தைய ஆய்வுகளின் பட்டியலாகவே நீள்கிறது. ‘ஆனால், இன்னும் தெரியாதது இதுதான்’ என்ற அந்த ஒரு வரி கடைசிவரை வருவதே இல்லை.

அப்புறம் மேற்கோள். மூலத்தில் நாலு சொல்லை மட்டும் மாற்றி எழுதுகிற மாணவர் எல்லாரும் திருட நினைப்பவர்கள் அல்லர். சொந்த வாக்கியத்தில் சொல்லப் பயப்படுகிறார்கள். எச்சரிக்கைச் சுற்றறிக்கையால் அந்தப் பயம் போகாது. எழுதி, திருத்தி, மறுபடி எழுதினால்தான் போகும்.

பேச்சும் அப்படித்தான். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகம் 2008-இல் தொடங்கிய போட்டியில் ஆய்வேடு முழுவதையும் மூன்றே நிமிடத்தில், ஒரே ஸ்லைடில் விளக்க வேண்டும். இதை வகுப்பிலேயே பழக்கலாமே!

இந்தப் பயிற்சியை முதல் ஆண்டிலேயே, மாணவரின் சொந்த வரைவை வைத்து, துறை வழிகாட்டியும் மொழி ஆசிரியரும் சேர்ந்து நடத்த வேண்டும். சமர்ப்பிக்கும் நேரத்தில் வைக்கிற இரண்டு நாள் பயிலரங்கால் பயனில்லை.

– ஆய்வு வழிகாட்டி ஒருவர்